முடிக்க விடாதவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஜூபல் ரெனிக் தன் வாயால் பிழைத்தது பாதி. அடுத்தவர் வாயை அடைத்துப் பிழைத்தது மீதிப் பாதி.

குதிரைச் சேணம் தைக்கிற வீட்டில் ஆறாவது பிள்ளை. அந்த வீட்டில் பேச்சை முந்தி முடிக்கிறவனுக்குத்தான் பன்றிக்கறியில் நல்ல துண்டு. பதினெட்டு வயதில் ஹேசல்ஃபோர்க்கில் ஒரு கிழட்டு வக்கீலிடம் வந்து சேர்ந்தார். அவருடைய அறையைப் பெருக்கி, பத்திரங்களைப் படியெடுத்து, மிச்ச நேரத்தில் சட்டப் புத்தகம் படித்தார். அமெரிக்காவின் கென்டக்கியில் அப்போது அவ்வளவுதான் வக்கீல் படிப்பு. கடைசியில் நீதிபதிகள் இரண்டு பேர் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்பார்கள். நாலாவது கேள்வியை நீதிபதி கேட்டு முடிப்பதற்குள் ரெனிக் பதில் சொல்லிவிட்டார். நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த நீதிபதியின் மகள்தான் லெட்டி.

லெட்டி ரெனிக்கை முதன்முதலில் பார்த்தது கோர்ட்டில், பெண்கள் உட்காருகிற மாடி பெஞ்சிலிருந்து. பெரிய பண்ணைக்காரர் மகன் ஒருவன் படகுக்காரனைத் துடுப்பால் அடித்துக் கொன்றிருந்தான். கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஒருவன், ஓபெட் க்ரவுடர். கோவேறு கழுதை கட்டிக் காட்டிலிருந்து மரம் இழுக்கிறவன். பொய் சொல்லத் தெரியாது. ஆனால் திக்குவாய். ரெனிக், கொன்றவன் பக்கத்து வக்கீல்.

“அன்னிக்கு ஆத்தங்கரையில என்ன பாத்தே ஓபெட்? நிதானமா சொல்லு.”

“நா... நான்... து... தூ...”

“தூங்கிட்டு இருந்தே. சரி, தூங்குறவன் எதப் பாத்தே?”

ஜூரியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஓபெட் தலையை ஆட்டினான். வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. ரெனிக் ஜூரியின் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கி, இரண்டு முழங்கையையும் கோழி இறக்கைபோல் மெல்ல அடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்க கனவான்களே. முட்டை வந்துட்டே இருக்கு.”

கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. நீதிபதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். லெட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோது ஓபெட் அண்ணாந்து பார்த்தான், நேராக அவளை. அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

கொன்றவன் பத்து நிமிஷத்தில் விடுதலை. ஓபெட்டுக்கு அன்றிலிருந்து ஊரில் ‘முட்டை’ என்று பெயர். அதோடு அவன் மனிதர்கள் முன்னால் பேசுவதையே விட்டுவிட்டான். ஓட்டுப் போடவும் வரமாட்டான். அந்தக் காலத்து ஓட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போடுகிற ஓட்டு இல்லை. கோர்ட்டு வாசலில் ஊர் முழுக்க நிற்கும். வேட்பாளர்கள் குமாஸ்தாவின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். படியேறி, இன்னாருக்கு என் ஓட்டு என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாயால் வந்தால்தான் நோட்டில் ஏறும்.

சிரிக்கவைக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் வீடு சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும் என்று லெட்டி நினைத்தாள். கட்டிக்கொண்டாள். பதினாலு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் ஒரு பேச்சைக்கூட முழுசாகப் பேசி முடித்ததில்லை.

“சூப்புல உப்பு...”

“கூட. நாக்கு இருக்கு எனக்கு.”

சூப்பு போகட்டும். தலைச்சன் குழந்தை எட்டு மாதத்தில் தொட்டிலில் கிடந்தபோது ஓடி வந்தாள். “மிஸ்டர் ரெனிக், குழந்தைக்கு மூச்சு...”

“சளி. வெயில் வந்தா சரியாப்போயிடும்.” கையிலிருந்த வழக்குக் கட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வெயில் வந்தபோது தொட்டில் காலி. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

ரெனிக் மேலே மேலே போனார். இரண்டு தடவை மாநிலச் சட்டசபைக்குப் போனார். அங்கேயும் அதே வித்தைதான். எதிர்க்கட்சிக்காரன் மூச்சு வாங்குகிற இடத்தில் இவர் நுழைந்து வாக்கியத்தை முடித்துவிடுவார். சொன்னவனே அசடாகி உட்கார்ந்துவிடுவான். இப்போது மாநிலச் செனட்டில் ஆசனம் வேண்டும். அதில் ஏறிவிட்டால் அடுத்தது வாஷிங்டன் என்று கட்சிக்காரர்கள் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தார்கள். லூயிவில்லிலிருந்து புதுக் கறுப்புக் கோட்டு வந்து, பலகைப் பெட்டியில் தயாராக இருந்தது. வயது நாற்பத்துமூன்று. இந்தத் தடவை விட்டால் கட்சி வேறு ஆளைப் பார்த்துவிடும்.

எதிரே நின்றவர் டாலிவர். அதிகம் பேசாத மனிதர், புகையிலை மெல்லுகிறவர்.

தேர்தல் ஆகஸ்டில். ஜூனில் ஒரு காரியம் நடந்தது. ஓகிள் என்கிற குதிரைத் தரகன் ஓடைக்கரையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். முதல்நாள் அவனோடு ஒரு கழுதை விஷயமாக வாய்ச்சண்டை போட்டவன் ஓபெட்டின் ஒரே மகன் வைலி. பத்தொன்பது வயது. கொண்டுபோய் ஜெயிலில் அடைத்தார்கள். அக்டோபரில் விசாரணை.

வைலி கொல்லவில்லை. அது லெட்டிக்கு நன்றாகவே தெரியும். கொலை நடந்தது ராத்திரியில். அன்று பொழுது சாயும்போது ஓபெட் அவள் வீட்டுச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, பேச முடியாமல் தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். பையனுக்குக் குளிர்காய்ச்சல். லெட்டி கசப்பு மருந்துப் பொடியைக் கட்டிக் கொடுத்து, சமையற்காரி டார்கஸை உடன் அனுப்பினாள். டார்கஸ் ரெனிக் வீட்டு அடிமை. மறுநாள் கோழி கூவிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

“அந்தப் பையனால எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட முடியலம்மா” என்றாள் டார்கஸ். “விடியவிடிய நான்தான் தண்ணி புகட்டினேன். அவன் யாரப் போய் அடிப்பான்?”

“இத நீ கோர்ட்டுல வந்து...”

லெட்டி தானாகவே நிறுத்திக்கொண்டாள். டார்கஸ் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

“அந்தப் படியப் பெருக்கச் சொன்னா பெருக்கலாம்மா. படி ஏறிப் பேச விடுவாங்களா? வெள்ளைக்காரங்க வழக்குல என் வாய் வாயே இல்ல.”

சட்டம் அதுதான். லெட்டியும் பையனைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. ஆக, வைலிக்குச் சாட்சி அவன் அப்பன் ஒருவன்தான்.

லெட்டி ஒரு நாள் மத்தியானம் குதிரை வண்டி பூட்டிக்கொண்டு ஓபெட்டின் வீட்டுக்குப் போனாள். அவனுக்கு அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

“உம் பையனக் காப்பாத்த இந்த ஜில்லாவுல ஒரே ஒரு வக்கீல்தான் இருக்கார். யாருன்னு நான் சொல்ல வேண்டாம்” என்றாள். “சும்மா போய்க் கேட்டா செய்யமாட்டார். ஓட்டுப் போடு. எல்லார் முன்னாலயும் அவர் பேரச் சொல்லு. அவர் எழுந்து உன் கையக் குலுக்கி நன்றி சொல்லியே ஆகணும். கை குலுக்கினதுக்கு அப்புறம் நீ கேட்டா அவரால இல்லேன்னு சொல்ல முடியாது.”

அது அந்தப் பக்கத்து வழக்கம். நன்றி சொல்லிக் கைகொடுத்த ஓட்டுக்காரன் வந்து கேட்டதை மறுத்தவனுக்கு அடுத்த தேர்தலில் நாய்கூட வாலாட்டாது.

ஓபெட் கழுதையைக் காட்டினான். லெட்டிக்குப் புரியவில்லை. அவன் அதன் பக்கத்தில் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் காதைப் பிடித்து, கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னான்: “ஜூபல் ரெனிக். கேட்டியா கிழவி? ஜூபல் ரெனிக்.”

கழுதையிடம் மட்டும் அவனுக்கு நாக்குத் தடுக்காது. அதன்பிறகு இரண்டு வாரம், மரம் இழுக்கிற பாதையெல்லாம் அவன் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போனான்.

ஓட்டெடுப்பு மூன்று நாள். கோர்ட்டு மைதானத்தில் அணில் கறியும் சோளமும் போட்டுப் பெரிய அண்டாவில் கொதித்தது. சாராயப் பீப்பாய்க்கு ஒரு ஆள் அகப்பையோடு நின்றான். முதல்நாள் ரெனிக் நாற்பது ஓட்டு முன்னால். இரண்டாம் நாள் டாலிவர் பதினாறு முன்னால். மூன்றாம் நாள் காலையில் ரெனிக் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

“மிஸ்டர் ரெனிக், இன்னிக்கு ஓபெட் க்ரவுடர் வந்து...”

“டாலிவருக்குப் போடப் போறான். தெரியும். பதினாலு வருஷமா மனசுல வச்சிருக்கான்.”

“இல்ல, நான் அவன் வீட்டுக்குப்...”

“போய் அழப் போறியா? ரெனிக் பொண்டாட்டி முட்டை வீட்டு வாசல்ல போய் நின்னான்னு ஊர் சிரிக்கட்டும். வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன்.”

“அவன் உங்களுக்குத்தா...”

“எனக்குத் தானே தொந்தரவு? உனக்கில்லையே. தொப்பி எங்க?”

லெட்டி தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை முயன்றாயிற்று. நாலாவது தடவை முயலவில்லை.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் கோர்ட்டுக்கு எதிரே, தொப்பிக் கடையின் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து மரத்தின் நிழல் படிக்கட்டைத் தொட்டுவிட்டது. சூரியன் இறங்கினால் நோட்டை மூடிவிடுவார்கள். ரெனிக் 412, டாலிவர் 411. சமமாக வந்தால் ஓட்டெடுப்பை நடத்துகிற ஷெரிப் தன் ஓட்டைச் சொல்லித் தீர்ப்பார். ஷெரிப் ஸ்ட்ரோட், டாலிவர் மனைவியின் கூடப்பிறந்தவர். ஆகவே சமம் என்றால் ரெனிக்குக்குத் தோல்வி. அதனால் இனிமேல் டாலிவருக்கு ஒரு ஓட்டும் விழக்கூடாது.

அப்போதுதான் ஓபெட் கழுதையைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் படியேறினான். சவரம் செய்திருந்தான். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான்.

“அட, முட்டை வந்திருக்கு பாருங்கடா” என்று எவனோ கத்தினான். “அடைகாத்து முடிஞ்சுதா அண்ணே?”

“உன் பேரு எல்லாருக்கும் தெரியும்” என்றார் ஷெரிப். “ஓட்டு யாருக்கு?”

ஓபெட் தொப்பியைக் கழற்றினான். கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஷெரிப்பைப் பார்க்கவில்லை. கம்பத்தில் நின்ற கழுதையைப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

ரெனிக் எழுந்து வந்து, சரியாக அவனுக்கும் கழுதைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“என்ன ஓபெட், பேரு மறந்துபோச்சா? நான் எடுத்துக் கொடுக்கறேன். டா... டா... டா...”

முழங்கை இரண்டும் மேலே போயின. முழங்கால் மடங்கியது. பதினாலு வருஷத்துக்குப் பிறகும் ஆட்டம் மறக்கவில்லை. கூட்டத்துக்கும் மறக்கவில்லை. மைதானம் முழுக்கக் கொக்கரித்தது. மாடியில் லெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

ஓபெட் தலையை வேகமாக ஆட்டினான், இல்லை இல்லை என்று.

“பாருங்க, முட்டை ஆடுது. விழப்போவுது, யாராவது தொப்பியப் பிடிங்க.”

ஓபெட் கையைத் தூக்கி ரெனிக்கின் மார்பை நேராகச் சுட்டிக் காட்டினான்.

“என்மேல கோவமாம்” என்றார் ரெனிக், கூட்டத்தைப் பார்த்து.

நாற்காலியில் இருந்த டாலிவர் மெல்லுவதை நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. விரலைப் பார்த்தார், ரெனிக்கைப் பார்த்தார். மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

“விரலுக்கு ஓட்டு கிடையாது” என்றார் ஷெரிப். “வாயால சொல்லு. இல்லேன்னா எறங்கு.”

மாடியில் லெட்டி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் போட்டால் போதும், தெரு அகலம் இருபது அடி. வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். முடியாமல் மூடினாளா, வேண்டாம் என்று மூடினாளா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஓபெட்டின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டிவிட்டது. பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். ரெனிக் கூட்டத்துக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்.

வணங்கி நிமிர்வதற்குள் டாலிவர் ஆட்களின் வண்டி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கழற்றிய கதவு ஒன்றின்மேல் கிழவர் ஒருவரைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிவந்தார்கள். இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்ட காலத்து ஆள், ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்.

“சத்தமாச் சொல்லுங்க தாத்தா” என்றார் ஷெரிப், மண்டியிட்டுக் காதைக் கொடுத்து. யாரும் சிரிக்கவில்லை. மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கிழவருக்காகக் காத்திருந்தது.

“டாலிவர்” என்றார் கிழவர், எல்லோருக்கும் கேட்கும்படி. “தண்ணி.”

ஓட்டை எழுதி முடித்துத் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அவருக்கு அது தேவையில்லாமல் போய்விட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு. சூரியன் இறங்கியது. ஷெரிப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் மைத்துனர் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ரெனிக் கோட்டுப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து லெட்டிக்கு அப்படி ஒரு அமைதி வாய்த்ததில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். வைலியின் காய்ச்சல், டார்கஸ் போனது, தான் போனது, கழுதை காதில் இரண்டு வாரமாக ஓதப்பட்ட பெயர், சுட்டிய விரல்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“அந்தப் பையன் வழக்க நீங்க எடுத்து நடத்துங்க” என்று முடித்தாள். “நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“ஓட்டு நோட்டுல ஏறுச்சா?”

“நீங்கதான் ஏறவிடலையே.”

“ஏறல. நான் கை குலுக்கினேனா? இல்ல. அப்ப என்ன வாக்கு?” எழுந்து போய் கோட்டுப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். “ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைய அவனால சொல்ல முடியல. எனக்கு வாஷிங்டன் போச்சு.”

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுட்டுக்கொண்டவர் அடுத்தவன் வீட்டுக் கூரையில் கொள்ளியை எறிவார் என்று யாரும் சொல்வதில்லை. செத்த ஓகிளின் அண்ணன்மார் இரண்டு பேர் செப்டம்பரில் வந்தார்கள். அரசாங்க வக்கீல் சின்னப் பையன், பயமாக இருக்கிறது, கூட நீங்களும் நின்று அந்த வைலியைத் தூக்கில் போட வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். அப்படி வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உண்டு. ரெனிக் சரி என்றார்.

“அவன் செய்யலேன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள் லெட்டி.

“எனக்கு என்ன தெரியும்? நான் பாத்தேனா? சமையற்கட்டுல ஒரு அடிமை சொன்னா. அது சாட்சி இல்ல. நான் எழுதின சட்டமா அது?”

அக்டோபரில் லெட்டி பழைய மாடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கீழே ஓபெட் அதே நாற்காலியில். வைலிக்குக் கோர்ட்டு கொடுத்த வக்கீல் கேட்டதற்கு ஓபெட் ஒருவழியாக “வீ... வீட்ல” என்று மட்டும் சொல்லியிருந்தான். ஊர் மொத்தமும் வந்திருந்தது, கொக்கரிக்கத் தயாராக. கைதிக் கூண்டிலிருந்து மகன் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெனிக் எழுந்தார். மெதுவாக நடந்து வந்தார். குரல் பாலில் தேன் விட்டதுபோல் இருந்தது.

“மிஸ்டர் க்ரவுடர், உங்கள அவசரப்படுத்த மாட்டேன். அன்னிக்கு உங்க மகன் எங்க இருந்தான், என்ன செஞ்சுட்டு இருந்தான், கூட யார் இருந்தாங்க? உங்க வாயால முழுசா சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கேன்.”

கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவ்வளவுதான் செய்தார். ஆட்டம் இல்லை, இறக்கை இல்லை. எவனோ பின்னாலிருந்து ஒரு தடவை கொக்கரித்தான். ரெனிக்கே திரும்பி, “மரியாதை” என்றார். கொக்கரிப்பு நின்றது. சிரிப்பு இருந்திருந்தால்கூட ஓபெட்டுக்கு ஒதுங்க ஒரு இடம் இருந்திருக்கும், கோபமாவது வந்திருக்கும். இப்போது எதுவும் இல்லை. பன்னிரண்டு ஜூரிகளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் டிக் டிக் என்றது. அவன் உதடு பிரிந்தது, மூடியது. கழுத்து நரம்பு ஏறியது, இறங்கியது. இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம். ஏழு.

ஜூரியில் ஒரு விவசாயி தலையைக் குனிந்துகொண்டான். மகன் எங்கே இருந்தான் என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு இவ்வளவு நேரம் ஆகுமா? உண்மை என்றால் வந்திருக்காதா? எல்லோர் முகத்திலும் அந்தக் கேள்வி ஏறுவதை லெட்டி மேலிருந்து பார்த்தாள்.

ஒன்பதாவது நிமிஷத்தில் ஓபெட் தலையை உயர்த்தினான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே இடத்தைப் பார்த்தான். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அதனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

“பாவம், இதுக்குமேல இவரக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல” என்று ரெனிக் கடிகாரத்தை மூடினார்.

வைலியை நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை தூக்கிலிட்டார்கள். ஓபெட் கழுதை வண்டியைத் தானே ஓட்டிவந்து உடலை எடுத்துப் போனான். வழியெல்லாம் அவன் கழுதையிடம் பேசிக்கொண்டே போனதாகவும், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்ன பேசினான் என்று கேட்க யாரும் கிட்டே போகவில்லை.

அந்த வழக்கால் ரெனிக்கின் பெயர் நாலு ஜில்லாவுக்குப் பரவியது. அடுத்த தேர்தலுக்கு அவரையே நிறுத்துவதாகக் கட்சிக்காரர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அவர் நல்ல குஷியில் இருந்தார். டார்கஸ் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

“மிஸ்டர் ரெனிக்...” என்று லெட்டி ஆரம்பித்தாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். புதுசாகக் கற்ற வித்தை, கை அரித்துக்கொண்டே இருந்தது போலும். தலையை லேசாகச் சாய்த்து, புன்னகையோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

லெட்டி அவரைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக முடிக்காமல் விட்டதெல்லாம் தொண்டையில் வந்து நின்றது, குழந்தையின் மூச்சிலிருந்து தொடங்கி. வாய் திறந்துதான் இருந்தது. சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் காத்திருந்தார். சூப்பு ஆறி, மேலே ஆடை படிந்தது.